வரத்தில் ஓட்டை வேண்டும்: இதிகாச மிகுபுனைவின் அடிப்படை

மகாபாரதத்தில் கௌரவர் பக்கம் நின்ற சிந்து நாட்டு மன்னன் ஜயத்ரதனின் தலையை அர்ஜுனன் கொய்வது பதினான்காம் நாள் போரில். கொய்தால் மட்டும் போதாது, அந்தத் தலை தரையில் விழவும் கூடாது. யார் விழவைக்கிறானோ அவன் தலை நூறு துண்டாகச் சிதறும் என்று ஜயத்ரதனின் அப்பா விருத்தக்ஷத்ரர் என்றைக்கோ சொல்லிவைத்துவிட்டார். அர்ஜுனன் அம்புமேல் அம்பாக விட்டுத் தலையை வானத்திலேயே நகர்த்திக்கொண்டு போகிறான். தூரத்தில் சந்தியாவந்தனத்தில் உட்கார்ந்திருக்கும் அதே அப்பாவின் மடியில் அதைப் போடுகிறான். ஜபம் முடித்து அவர் எழுந்திருக்க, தலை உருண்டு தரையில் விழுகிறது. சிதறியது அவர் தலை.

அர்ஜுனன் அந்த வாக்கை மீறவே இல்லை. சொல்லுக்குச் சொல் மதித்து, அதிலிருந்த ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டான். மகாபாரதத்தையோ ராமாயணத்தையோ இன்றைய மிகுபுனைவாக, அதாவது ஃபேன்டசியாக, எழுத வருகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் நுனி இதுதான். மந்திரச் சக்திகளைப் புதிதாகக் கண்டுபிடித்து இதிகாசத்தில் ஒட்டவேண்டிய அவசியம் கிடையாது. வரம், சாபம், அஸ்திரம் என்று கறாரான ஒரு சட்டப்புத்தகமே அதற்குள் இருக்கிறது. அதைப் படிக்காமல் பேனாவை எடுத்தால் கதை பாதியில் படுத்துவிடும்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். மூலத்தை வரி பிசகாமல் வேறு மொழியில் தருவது மொழிபெயர்ப்பு. கதையை அப்படியே வைத்துச் சுருக்கியோ விரித்தோ சொல்வது மறுகூறல். மூலம் பேசாமல் விட்ட இடத்தைப் பேசவைப்பது மறுபுனைவு. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ இந்த வகை: சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். மிகுபுனைவு மறுகூறல் இன்னும் ஒரு படி போய், அந்த உலகம் எந்த விதியில் ஓடுகிறது என்பதையே கையில் எடுக்கிறது. களம் இன்றைய நகரமாக இருக்கலாம், எங்குமே இல்லாத ஒரு கண்டமாக இருக்கலாம், பழைய அஸ்தினாபுரமாகவே கூட இருக்கலாம். களம் மாறுவதால் மட்டும் அது மிகுபுனைவு ஆகிவிடாது. கர்ணன் கதையை நிழலுலக தாதாக்களை வைத்துச் சொன்னால் அது தழுவல். அதே தாதாவின் மார்பில் பிறவிக் கவசம் இருந்து, அது யாருக்கும் தெரியாமலிருக்க அவன் என்ன பாடுபடுகிறான் என்று போனால் மிகுபுனைவு.

நான்கு வரி அட்டை

எழுதத் தொடங்கும் முன், உங்கள் கதையில் வரப்போகும் ஒவ்வொரு வரத்துக்கும் சாபத்துக்கும் அஸ்திரத்துக்கும் ஓர் அட்டை போடுங்கள். நான்கே வரி: கொடுத்தவர் யார், விலை என்ன, எல்லை எதுவரை, ஓட்டை எங்கே.

கர்ணனின் சக்தி ஆயுதத்தை எடுத்துக்கொள்வோம். கொடுத்தவன் இந்திரன். விலை, உடம்போடு பிறந்த கவசமும் குண்டலமும். எல்லை, ஒரே ஒரு ஆளைக் கொல்லும், பிறகு இந்திரனிடமே திரும்பிவிடும். வேறு ஆயுதம் மிச்சமிருக்கும்போதோ, உயிருக்கு ஆபத்து இல்லாதபோதோ எறிந்தால் எறிந்தவன் மேலேயே பாயும் என்ற நிபந்தனையும் உண்டு. ஓட்டை, எதிரி அதைத் தடுக்க வேண்டியதில்லை, வேறு யார் மேலாவது செலவழிக்க வைத்தால் போதும். அர்ஜுனனுக்காகக் கர்ணன் வைத்திருந்த சக்தி பீமனின் மகன் கடோத்கசன் மேல் செலவாகிப்போனது; அவன் சாவதற்கான காரணம் இந்த நான்காவது வரியில் இருக்கிறது.

நாராயணாஸ்திரம் இதைவிட விசித்திரமானது. எதிர்க்க எதிர்க்கப் பெருகும். ஆயுதத்தைக் கீழே போட்டு, தேரைவிட்டு இறங்கி நிற்கிறவனை விட்டுவிடும். இரண்டாம் முறை ஏவினால் ஏவியவனையே அழிக்கும். பீமனுக்குப் பணிவது பிடிக்காததால் அந்தக் காட்சியே ஒரு குணச்சித்திரமாகிவிடுகிறது. எல்லோரும் இறங்கியபின் அவன் ஒருவன் மட்டும் நிற்கிறான், கடைசியில் கிருஷ்ணனும் அர்ஜுனனும் சேர்ந்து இழுத்து இறக்க வேண்டியிருக்கிறது. அஸ்திரத்தின் விதி ஒரு மனிதனின் சுபாவத்தோடு மோதும் இடம் இது. உங்கள் அட்டை இப்படிப்பட்ட ஒரு மோதலைத் தரவில்லை என்றால் அந்த அட்டை கதைக்குத் தேவையில்லை, தூக்கிவிடலாம்.

ராவணன் தேவர், கந்தர்வர், யட்சர் என்று பட்டியல் போட்டு, அவர்களால் சாகக் கூடாது என்று கேட்டான். மனிதர்களைத் துரும்பாக நினைத்து விட்டுவிட்டான். ஜயத்ரதன் சிவனிடம் வாங்கியது அர்ஜுனன் தவிர்த்த பாண்டவர்களை ஒரு நாள் தடுக்கும் வலிமை. ஒரே ஒரு நாள். அதைப் பதின்மூன்றாம் நாளில் செலவழித்தான், அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் தனியாக மாட்டிக்கொண்டான். வரத்தின் எல்லை எவ்வளவு குறுகலோ, கதைக்கு அவ்வளவு பலம்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பிரம்மாஸ்திரம் என்றதும் அணுகுண்டு, ஏவுகணை என்று மாற்றிவிடுவார்கள். கேட்க நவீனமாக இருக்கும், உள்ளே காற்று இறங்கியிருக்கும். ஏவுகணையை ஏவுகிறவன் நல்லவனா, விரதம் காத்தவனா என்று ஏவுகணைக்கு அக்கறை இல்லை. அஸ்திரத்துக்கு உண்டு. துரோணரின் மகன் அசுவத்தாமனும் அர்ஜுனனும் ஒரே நேரத்தில் பிரம்மசிரஸ் என்ற பேரழிவு அஸ்திரத்தை ஏவியபோது வியாசரும் நாரதரும் குறுக்கே வந்து நிற்கிறார்கள். அர்ஜுனனால் திருப்பி வாங்க முடிந்தது, அசுவத்தாமனால் முடியவில்லை. திருப்பி வாங்குவதற்குரிய தகுதி அவனிடம் இல்லை. வேறு வழியில்லாமல் அதைப் பாண்டவ குலத்துப் பெண்களின் கருவின் மேல் திருப்பிவிடுகிறான். ஏவத் தெரிந்து திரும்பப் பெறத் தெரியாதவன் கையில் ஆயுதம் என்ற அந்தப் பயங்கரம், பொத்தானை அமுக்கும் இயந்திரமாக மாற்றியதும் காணாமல் போகிறது. இயந்திரம்தான் வேண்டும் என்றால் தகுதிக்கு ஈடாக ஒன்றையும் கூடவே கொண்டுபோங்கள்: ஏவும் குறியீடு ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கிறது, நிறுத்தும் குறியீடு அவர் பொய் சொல்லாதிருந்தால்தான் நினைவுக்கு வரும், இந்த மாதிரி.

எந்தப் பாரதம், எந்த ராமாயணம்?

‘மூலத்தில் இப்படித்தான் இருக்கிறது’ என்று உறுதியாகச் சொல்லப்படும் பல காட்சிகள் மூலத்தில் கிடையாது. புணேயின் பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1919-ல் தொடங்கி, 1,259 கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, 1966-ல் மகாபாரதத்தின் செம்பதிப்பை, அதாவது பிரதிகளை ஒப்பிட்டுப் பிற்சேர்க்கைகளைப் பிரித்தெடுத்த பதிப்பை, முடித்தது. வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதை அதில் பின்னிணைப்புக்குப் போய்விட்டது. துகில் உரியப்படும்போது திரௌபதி கிருஷ்ணனைக் கூவி அழைக்கும் பகுதியும் பிரதான பாடத்தில் இல்லை. ‘குருடன் மகன் குருடன்’ என்று அவள் துரியோதனனைப் பார்த்துச் சிரித்ததாகச் சொல்வதும் பிற்காலச் சரக்கு. மயசபையில் துரியோதனன் தடுமாறும் காட்சியில் சிரிப்பதாக வருகிறவர்கள் பீமனும் தம்பிகளும் வேலையாட்களும். லட்சுமணன் கிழித்த கோடு வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை.

இதைச் சொல்வது அந்தக் காட்சிகளைத் தள்ளிவைக்க அல்ல. உங்களுக்கு எந்த வடிவம் வேண்டும் என்று தெரிந்து எடுங்கள் என்பதற்காக. வேறு வேறு வடிவங்களில் விதியே வேறாக இருக்கும், விதி மாறினால் அட்டையும் மாறும். கர்ணன் அர்ஜுனன் மேல் விட்டுக் குறி தப்பிய நாகாஸ்திரத்தைப் பாருங்கள். வியாசரில் கர்ணன் இரண்டாம் முறை தொடுக்க மறுப்பது வீரனின் கர்வத்தால், ‘கர்ணன் ஒரு அம்பை இரண்டு தரம் குறிவைப்பதில்லை’ என்கிறான். வில்லிபுத்தூராரின் தமிழ்ப் பாரதமான வில்லிபாரதத்தில் குந்தியே வந்து ஒரு முறைக்கு மேல் விடக் கூடாது என்று வரம் கேட்டு வாங்கிப் போகிறாள். முதலாவதில் அவன் தோற்பது தன் குணத்தால், இரண்டாவதில் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கால். இரண்டும் அருமையான கதைகள். இரண்டையும் ஒரே நாவலில் கலந்தால் கர்ணன் ஏன் தோற்றான் என்பதே குழம்பிவிடும்.

வாலியும் அப்படித்தான். எதிரில் நிற்கிறவனின் பாதி பலம் வாலிக்கு வந்துவிடும் என்பது கம்பனில் வருவது. வால்மீகியில் அவனுக்குப் பாதுகாப்பு இந்திரன் கொடுத்த பொன்மாலை. கம்பனின் விதியை எடுத்தால் ராமன் ஏன் மறைந்து நின்றான் என்ற கேள்வி ஓரளவு தீர்ந்துவிடும். வால்மீகியின் விதியை எடுத்தால் அந்தக் கேள்வி முள்ளாகவே நிற்கும். முள் வேண்டுமா, பதில் வேண்டுமா என்பது எழுதுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு.

தமிழ்நாட்டில் இதிகாச மிகுபுனைவு புதிய சங்கதியும் அல்ல. வியாசரில் அர்ஜுனனுக்கும் உலூபிக்கும் பிறந்த இராவான் எட்டாம் நாள் போரில் ஓர் அரக்கன் கையால் சாகிறான், அவ்வளவுதான். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் போருக்கு முன் களப்பலியாகும் அரவானாகிவிட்டான். நாட்டார் மரபு அவனுக்கு வரங்களும் கொடுத்தது: சாவதற்கு முன் திருமணம், வெட்டுப்பட்ட பின்னும் போரைப் பார்க்கும் கண். கட்டிக்கொள்ள யாரும் வராததால் கிருஷ்ணன் மோகினியாகி மணந்து, மறுநாள் தாலி அறுக்கிறான். கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவில் சித்திரை மாதம் நடப்பது இதுதான். ஒரு சிறு பாத்திரம், அவனுக்கு ஒரு விலை, அந்த விலைக்கு ஒரு வரம், அந்த வரத்துக்கு ஒரு கசப்பான எல்லை. இதைவிடச் சிறந்த மாதிரி தேடி வெளியே போக வேண்டியதில்லை.

ஒரே ஒரு ஆணியை அசைத்துப் பாருங்கள்

‘இது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்?’ என்ற கேள்வியில்தான் பல மறுகூறல்கள் பிறக்கின்றன. கேட்பது சுலபம். அந்த மாற்றத்தை நாள் நாளாக நடத்திக்கொண்டு போய்ப் பார்க்கும் வேலையைத்தான் பலரும் செய்வதில்லை.

பதினான்காம் நாள் இரவில் கர்ணன் சக்தியைக் கடோத்கசன் மேல் எறியவில்லை என்று வைப்போம். போரின் கணக்கு இது: பீஷ்மர் தலைமையில் 10 நாள், துரோணர் 5, கர்ணன் 2, சல்லியன் கடைசி நாளில் பாதி. பீஷ்மர் தலைமையில் போரிட மாட்டேன் என்று ஒதுங்கியிருந்த கர்ணன் களத்துக்கு வந்ததே பதினோராம் நாள்தான். அப்படியானால் உங்கள் கதையில் அன்றிரவே கடோத்கசன் கௌரவப் படையில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவான். காலையில் துரோணரிடம் மிஞ்சிய படை எவ்வளவு? துரோணரை வீழ்த்தச் சொன்ன, அசுவத்தாமா இறந்தான் என்ற பொய் தருமனுக்கு இன்னும் தேவைப்படுமா? தேவைப்படாவிட்டால், பொய்யே சொல்லாததால் தரைக்கு மேலே மிதந்த தருமனின் தேர் மிதப்பதை நிறுத்தாது, அவன் பிறகு நரகத்தைப் பார்க்க வேண்டிய காரணமும் போய்விடும். ஒரு ஆணியைப் பிடுங்கினால் நான்கு பலகை ஆடுகிறது. குறைந்தது மூன்று நாள் நிகழ்ச்சிகளையாவது இப்படித் தாளில் ஓட்டிப் பார்க்காமல் முதல் அத்தியாயம் எழுதாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் அங்கே ஒளிந்திருக்கிறது. பதினொன்றாம் நாளிலிருந்தே சக்தி கையில் இருக்க, கர்ணன் அதை ஏன் அர்ஜுனன் மேல் எறியவில்லை? நான்தான் அவன் புத்தியை மயக்கி வைத்திருந்தேன் என்று கிருஷ்ணனே பிறகு சொல்கிறான். கடோத்கசன் விழுந்ததும் பாண்டவர்கள் அழ, கிருஷ்ணன் மட்டும் ஆனந்தக் கூத்தாடுவது அதனால்தான். உங்கள் மறுகூறலில் கிருஷ்ணன் சாதாரண மனிதன் என்றால் இந்தப் பதில் கைவிட்டுப் போகிறது, வேறு பதில் நீங்கள் தரவேண்டும்.

கிருஷ்ணனைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எல்லாம் வல்ல ஒருவர் கதைக்குள் இருந்தால் ஆபத்துக்கு மதிப்பில்லை. இதிகாசம் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று கவனியுங்கள்: ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று அவனே தன் கையைக் கட்டிக்கொள்கிறான். அந்தக் கட்டு அறுந்துவிடுமோ என்று பீஷ்மர் முன்னால் சக்கரத்தோடு தேரிலிருந்து குதிக்கும்போது நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உங்கள் கதையின் தெய்வத்துக்கும் இப்படி ஒரு கைக்கட்டு போடுங்கள். அவரைக் கதையிலிருந்து நீக்குவதைவிட இது நல்லது. நீக்கினால் பாண்டவர் வெற்றிக்கே காரணம் இருக்காது.

நகரத்துக்குக் கொண்டுவரும்போது

இன்றைய காலத்துக்கு மாற்றினால் முதலில் செத்துப்போவது ரகசியம். பாரதம் முழுக்க ஓடுவது, யாருக்கு எது தெரியாது என்பதில். கர்ணன் யார் மகன் என்று குந்திக்குத் தெரியும், கிருஷ்ணனுக்குத் தெரியும், பீஷ்மருக்கும் தெரியும், போருக்குச் சற்று முன் கர்ணனுக்கும் தெரியவருகிறது. தருமனுக்குத் தெரிவதோ எல்லாம் முடிந்து நீர்க்கடன் செய்யும்போது. மருத்துவமனைப் பிறப்புப் பதிவும் மரபணுச் சோதனையும் கைபேசியும் உள்ள ஊரில் இந்த ரகசியம் ஒரு வாரம் தாங்காது. ஒரு தாளில் ரகசியங்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் இன்றைக்கு இதை யார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாங்காத ரகசியத்தை மந்திரத்தால் மூடலாம். ஆனால் அந்த மூடலுக்கும் ஓர் அட்டை வேண்டும்.

அஞ்ஞாதவாசம் இதற்கு நல்ல பயிற்சிக்களம். பன்னிரண்டு வருடம் காடு, பதின்மூன்றாம் வருடம் மறைந்து வாழ்வது, கண்டுபிடிக்கப்பட்டால் மீண்டும் பன்னிரண்டு வருடம். பாண்டவர்கள் ஆயுதங்களை வன்னிமரத்தில் கட்டி, கூடவே ஒரு பிணத்தையும் தொங்கவிட்டார்கள். நாற்றத்துக்கு யாரும் நெருங்க மாட்டார்கள். கேட்டவர்களிடம் 180 வயதான எங்கள் அம்மா, குல வழக்கப்படி இப்படிச் செய்கிறோம் என்றார்கள். மந்திரமே இல்லாத தந்திரம், ஆனால் அருவருப்பையும் மரியாதையையும் ஒரே முடிச்சில் கட்டியது. முகம் பார்த்து அடையாளம் காணும் கேமராக்கள் உள்ள நகரத்தில் இதற்கு ஈடு எது? மக்கள் தாங்களாகவே பார்க்காமல் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் வேலைகள் எவை என்று யோசித்தால் பதில் கிடைக்கும்.

காலக் கணக்கிலும் கதை இருக்கிறது. அர்ஜுனன் வெளிப்பட்டபோது கெடு முடியவில்லை என்று துரியோதனன் சொல்ல, பீஷ்மர் கணக்குப் போடுகிறார். ஐந்து வருடத்துக்கு இரண்டு அதிக மாதம், பதின்மூன்று வருடத்துக்கு ஐந்து மாதமும் பன்னிரண்டு இரவும் கூடுதல், ஆகவே கெடு முடிந்துவிட்டது என்கிறார். சூரியக் கணக்கா, சந்திரக் கணக்கா என்ற சந்தேகம் ஒரு போருக்கு வாசல் திறக்கிறது.

இந்தக் கணக்கைக் கவனிக்காதவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது அசுவத்தாமனிடம். இன்றைய உலகில் அலைந்துகொண்டிருக்கும் அசுவத்தாமன் இந்த வகைக் கதைகளின் செல்லப்பிள்ளை. வியாசரில் கிருஷ்ணன் அவனைத் தனியே அலையும்படி சபிப்பது 3,000 வருடம். பஞ்சாங்கப்படி கலியுகம் பிறந்தது கி.மு. 3102, போர் அதற்கு 36 வருடம் முன்பு. கூட்டிக் கழித்தால் கி.மு. 138-லேயே தண்டனை தீர்ந்துவிட்டது. கலியுகம் முடியும்வரை அலைவான் என்ற வழக்கை எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் 3,000 என்று எழுதிவிட்டு அவனை மெட்ரோ ரயிலில் ஏற்றினால் வாசகர் கணக்குக் கேட்பார். விடுதலையாகியும் போக மறுக்கிறவன் என்று வைத்தால் அது வேறு கதை, ஒருவேளை இன்னும் நல்ல கதை.

பெயர், அளவு, பேச்சு

அர்ஜுனனுக்குப் பத்துப் பெயர் உண்டு. அதில் ஒன்று கிருஷ்ணன். திரௌபதிக்கும் கிருஷ்ணை என்று பெயர், வியாசரும் கிருஷ்ண துவைபாயனர். ஒரு பாத்திரத்துக்கு ஒரே பெயர் என்று முடிவு செய்து, மற்றவற்றை உணர்ச்சி உச்சத்தில் யாராவது கூப்பிடும்போது மட்டும் பயன்படுத்துங்கள். நவீனப் பெயர் சூட்டுவதானால் கர்ணனைக் கரண் என்றும் துரியோதனனைத் துரை என்றும் வைப்பது சலித்துப்போன வழி. முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, முதல் முயற்சிக்கு முழு இதிகாசத்தைத் தொடாதீர்கள். பதினெட்டு பர்வம், மரபுக் கணக்கில் ஒரு லட்சம் சுலோகம். போரில் இறங்கிய படை பதினெட்டு அக்குரோணி; அக்குரோணி என்ற படைப்பிரிவு ஒவ்வொன்றிலும் 21,870 தேர், அதே எண்ணிக்கையில் யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். இதை ஒரு நாவலில் அடக்கப் பார்த்தால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். ஒரே ஒரு வரம், அதனால் பாதிக்கப்படும் மூன்று அல்லது நான்கு பேர், ஒரு வாரத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சி என்று 8,000 முதல் 10,000 சொல்லில் குறுநாவல் எழுதுவது நல்ல தொடக்கம். அட்டைகள் ஆறுக்கு மேல் போனால் ஏதோ ஒன்று அளவு மீறுகிறது என்று பொருள்.

பேச்சில் பலர் புராணப் படத் தமிழுக்குப் போய்விடுவார்கள். ‘தந்தையே, தாங்கள் என்னைச் சபித்தல் தகுமோ’ என்று ஐந்து பக்கம் போனால் வாசகருக்குக் கொட்டாவி வரும். முழுக்கத் தெருப்பேச்சும் சரிப்படாது. வழக்கமான பேச்சை எளிமையாக வைத்து, சாபமும் சபதமும் வரும் இடத்தில் மட்டும் சொல்லை இறுக்குங்கள். அந்த மந்திரத்தை இயக்குவதே சொல்தான் என்பதால் அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்து கூடவோ குறையவோ கூடாது. ஓட்டையும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே, வாசகர் கண்ணெதிரே இருக்க வேண்டும். கடைசியில் புதிதாக ஒரு நிபந்தனையை இழுத்து வந்தால் ஏமாற்று.

கெட்டவனை நல்லவனாக்கிவிட்டால் மறுபுனைவு முடிந்தது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. துரியோதனன் கர்ணனுக்கு அங்கதேசம் தந்ததும் உண்மை, பீமனுக்கு விஷம் வைத்ததும் உண்மை. ஒன்றை மறைத்து இன்னொன்றைக் காட்டினால் பழைய அட்டை பொம்மையைத் திருப்பி வைத்ததாகத்தான் ஆகும்.

உரிமை பற்றிச் சுருக்கமாக: வியாசரும் கம்பரும் வில்லியும் எல்லோருக்கும் பொது. இன்றைய மொழிபெயர்ப்பும் உரைநடை வடிவமும் அப்படி அல்ல. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை நீடிக்கும். யாரோ ஒருவர் தன் நாவலில் கற்பனையாகச் சேர்த்த காட்சியை இதிகாசத்தில் உள்ளது என்று நினைத்து எடுத்தாளுவது அடிக்கடி நடக்கும் விபத்து. சந்தேகம் வந்தால் பழைய நூலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

எழுதி முடித்த பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒருவர் பாரதம் கரைத்துக் குடித்தவர், இன்னொருவர் பஞ்சபாண்டவர் பெயரே சரியாகச் சொல்லத் தெரியாதவர். முதலாமவரிடம் எந்த விதி தவறு என்று கேளுங்கள். இரண்டாமவரிடம், வரத்தை வாங்கியவன் எப்படி மாட்டிக்கொள்வான் என்று எந்தப் பக்கத்தில் ஊகித்தார் என்று கேளுங்கள். வரம் கொடுத்த பக்கத்திலேயே ஊகித்துவிட்டால் ஓட்டை பெரிது. முடிவைப் படித்த பிறகும் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை என்றால் அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்.